விண்ணரசி படகின் டிரிம் முள்

அநியாயம் நடந்தது என் மைனி ஜெசிந்தாவுக்கு. செய்தது எங்கள் அந்தோணித்துறை ஊர்க் கமிட்டி. அவள் செய்த குற்றம், ஒரு படகின் மீட்டர் ஏன் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து அதை நாலு பேர் முன்னால் சொன்னது. அதற்காக அவளுடைய டூல்ஸ் பெட்டியைத் தூக்கிப் படகுத்துறை ஜெட்டியின் கேட்டுக்கு வெளியே வைத்தார்கள், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்வரை ஊரின் எந்த என்ஜினிலும் கை வைக்கக் கூடாது என்று கோயில் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள், அதற்குப் பிறகுதான் ஊர் சாய்ந்தது. வெளியூர்க்காரர்கள் ஊர் சாய்ந்ததை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள், அதனால் நான் அநியாயத்தை முதலில் சொல்கிறேன்.

மைனி என் அண்ணன் டெலஸின் மனைவி. அண்ணனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் ஒன்பது மாதம் ஊரில் இருக்க மாட்டான். மைனியின் அப்பா என்ஜின் பட்டறை வைத்திருந்தவர், பிள்ளைகள் ஆறும் பெண்கள், ஆறு பேரும் ஸ்பானர் பிடித்து வளர்ந்தவர்கள். மைனி எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மூன்றாம் மாதமே, நடுக்கடலில் என்ஜின் நின்றுபோய்க் கயிறு கட்டி இழுத்து வரப்படுகிற படகுகள் குறைந்துவிட்டன என்பதை ஊரில் யாரும் மறுக்க முடியாது, கமிட்டித் தலைவர் கஸ்பார் மாமாவும் மறுக்க முடியாது, ஏனென்றால் அவருடைய இரண்டு படகுகளும் அதில் அடக்கம்.

விண்ணரசி ஊர்ப் பொதுவில் வாங்கிய வேகப்படகு. சாதாரண நாளில் சுற்றுலாக்காரர்களை மணல்தீவுக்குக் கூட்டிப்போகும், காற்று மாறிய நாளில் கரை திரும்பாதவர்களைத் தேடிப்போகும். பின்னால் தொங்கும் அதன் அவுட்போர்டு என்ஜினை ஒரு பொத்தானை அழுத்தி மேலும் கீழும் சாய்க்கலாம். ஏற்றினால் படகின் முன்பக்கம், அணியம், மூக்கைத் தூக்கும், இறக்கினால் தண்ணீரைக் கவ்வும். என்ஜின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குக் காட்ட டேஷ்போர்டில் டிரிம் மீட்டர் என்று ஒன்று உண்டு, ஒரு வட்டம், ஒரு முள், அவ்வளவுதான். மாதா திருவிழா முடிந்த பத்தாம் நாள் அந்த முள் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. படகோட்டி தொம்மை அண்ணன் முள்ளை நம்பி என்ஜினை இறக்கிக்கொண்டே போக, விண்ணரசி மூக்கால் கடலைக் குத்தி எழுந்தது, பன்னிரண்டு பேர் தொப்பலாக நனைந்தார்கள், ஒரு புது மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி இன்னும் கடலுக்கடியில்தான் இருக்கிறது.

மைனி அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தாள். சென்சார் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தாள். என்ஜின் ஏற ஏற எண்ணும் ஒழுங்காக ஏறியது, ஆக சென்சார் நல்லது. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து தனியாக ஒரு ஒயரை இழுத்து வந்து மீட்டரின் எர்த் காலில் தொட்டாள். முள் சட்டென்று இறங்கிச் சரியான இடத்தில் நின்றது, எடுத்தாள், மறுபடி உச்சிக்குப் போனது, ஆக மீட்டரும் நல்லது. மீதி இருந்தது மீட்டரிலிருந்து போகும் கறுப்பு எர்த் ஒயர் மட்டும். டேஷ்போர்டைத் திறந்தால் அதன் முனையில் வெள்ளையும் பச்சையுமாக ஒரு பொருக்கு. அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மைனி சொன்னாள்:

"தொம்மண்ணே, இது கடல் உப்பு இல்ல. நம்ம அளத்து உப்பு."

எங்கள் ஊரில் கிழக்கே கடல், மேற்கே உப்பளம், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத நாக்கு இங்கே கிடையாது. அளத்து உப்பு டேஷ்போர்டுக்குள் எப்படி வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். தீர்த்தத்தில் மந்திரித்த உப்புப் போடுவது வழக்கம், சாமியார் போட்டால் ஒரு சிட்டிகை. திருவிழா அன்று நடக்கும் படகு மந்திரிப்பில் தீர்த்த வாளியைப் பிடிக்கும் உரிமை கமிட்டித் தலைவருக்கு. புதுப் படகு, ஊரே பார்க்கிறது, பக்கத்து ஊரும் பார்க்கிறது என்ற பெருமையில் கஸ்பார் மாமா தன் சொந்த அளத்து உப்பில் மூன்று கை அள்ளிப் போட்டு, தெளிக்கிற குச்சியைத் தள்ளி வைத்துவிட்டு, முழு வாளியையும் டேஷ்போர்டு மேல் கவிழ்த்தார். நானும் கை தட்டினேன், ஒப்புக்கொள்கிறேன்.

கமிட்டி கூடியது.

"தீர்த்தம் பட்டு ஒயர் கெட்டுச்சுங்கா," என்றார் கஸ்பார் மாமா. "தீர்த்தம் பட்டா நோய் போகும், பேய் போகும். இவளுக்கு மட்டும் ஒயர் போகுதாம்."

"மாமா, வாளியில உப்பு இருந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க," என்றேன்.

"பெனிட்டா, நீ யூனிவர்சிட்டில போய்ப் பேசு பிள்ள. இங்க பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்."

"அங்கயும் பேசுதேன் மாமா. அங்க பதில் சொல்லுவாங்க."

பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "நான் போட்டது ஒரு சிட்டிகை," என்றார் அவர், "வாளி என் கையை விட்டுப் போனதுக்கப்புறம் நடந்தது எனக்குத் தெரியாதும்மா," என்று சொல்லிவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். தீர்ப்பு எழுதப்பட்டது: ஜெசிந்தா தீர்த்தத்தைக் குறை சொன்னாள், கடிதம் கொடுக்க வேண்டும், கொடுக்கும்வரை ஜெட்டிக்குள் நுழையக் கூடாது. மைனி கேட்டுக்கு வெளியே கிடந்த பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு உப்பளத்தை ஒட்டிய பின்தெருவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்று முதல் வாசலில் மிக்ஸி, தையல் மெஷின், தண்ணீர் மோட்டார் என்று கிடைத்ததைப் பழுது பார்த்தாள், என்ஜின் சத்தம் கேட்கும்போது மட்டும் கை ஒரு நொடி நிற்கும்.

டவுனிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் எர்த்தைப் பார்க்கவில்லை, மீட்டர் போச்சு என்றார், புது மீட்டர் போட்டார், சாவியைத் திருப்பினார். முள் உச்சியைத் தாண்டி ஒரு கோடு போனது, அதோடு ஊரின் கடல் பக்கமும் ஒரு முழம் எழும்பியது. இன்னொரு மீட்டர் போட்டார், இன்னொரு முழம். மூன்றாவது மீட்டர் போட்டபோது முள் வட்டத்தின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது, அந்தோணித்துறை கடலோர முன்தெருவைத் தூக்கி, பின்தெருவைத் தாழ்த்தி, முழுவேகத்தில் போகிற படகு மாதிரி மூக்கைக் கிழக்கே உயர்த்திக்கொண்டு அப்படியே நின்றது, சாவியை அணைத்தும் இறங்கவில்லை. மெக்கானிக் தன் பையை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கி பஸ் ஏறினார்.

ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். மந்திரிப்பில் படகின் பெயரையும் ஊரின் பெயரையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அது தேவையில்லை. முள் எங்கே நின்றதோ ஊரும் அங்கே நின்றது, இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் வாரம் எல்லோரும் செங்கல் தேடினார்கள். கட்டிலின் மேற்குக் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல், பீரோவுக்கு மூன்று, கிரைண்டருக்கு ஒன்றரை என்று கணக்குப் பிடிபட்டது. செங்கல் வைக்காமல் கடல் பக்கம் தலை வைத்துப் படுத்தவர்களுக்குக் குறட்டை நின்றது, அதைக் கேள்விப்பட்ட மற்ற மனைவிமார் தங்கள் வீட்டுக் கட்டில்களின் செங்கல்லை உருவிக் கொடுத்துவிட்டார்கள். தோசைக் கல்லில் மாவு ஒரு பக்கமாக ஓடிப் பிறைநிலாத் தோசையாக வெந்தது, இரண்டு வாரத்தில் அது பழகிவிட்டது, வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் வட்டத் தோசையைப் பார்த்த பிள்ளைகள் இது யார் கடிக்காத தோசை என்று கேட்டார்கள். டீக்கடையில் கிளாஸின் ஒரு பக்கம் வழிய மறுபக்கம் ஒரு விரல் குறைந்தது, குறைந்த பக்கத்தைக் காட்டிச் சண்டை போட்டவர்களிடம் கடைக்காரர் கிளாஸைத் திருப்பிக் காட்டினார். கரைக்கு இழுத்த வள்ளங்கள் தாமாகவே வழுக்கி வீட்டு வாசலுக்கு வந்து நின்றன, கடலுக்குத் தள்ளத்தான் ஏழு பேருக்குப் பதினாலு பேர் வேண்டியிருந்தது, ஜெட்டியில் விண்ணரசிக்கு இறங்க ஏணி கட்டினார்கள். பஸ் டிரைவர் டயருக்குக் கல் வைத்துவிட்டு டீ குடித்தார். மேட்டை நோக்கியே ஓடி ஓடிப் பழகிய எங்கள் கால்பந்து அணி சமதரையில் விளையாடப் போய், பக்கத்து ஊரை ஒன்பது கோல் போட்டு அனுப்பியது, திரும்பி வந்தபோது பஸ் மேல் ஏறி நின்று ஆடினார்கள். அளவெடுக்க ஒரு அதிகாரி ரசமட்டத்தோடு வந்தார், முன்தெருவில் வைத்தார், நடுத்தெருவில் வைத்தார், தன்னுடைய ரசமட்டம் பழுதாகிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்.

பிறகு பெருமை வந்தது. முன்தெருவில் சூரியன் இரண்டு நிமிஷம் முன்னதாக உதித்தது. மணல்தீவின் மறுபக்கம் வரை மாடியிலிருந்தே தெரிந்தது. கார்களில் ஆட்கள் பார்க்க வந்தார்கள். கஸ்பார் மாமா ஊர் முகப்பில் போர்டு வைத்தார், 'தலை நிமிர்ந்த அந்தோணித்துறை' என்று, போர்டை மட்டும் நேராக நிறுத்த ஆள் கிடைக்கவில்லை.

நான் கேட்டேன், தலை நிமிர்ந்தது யாருடைய தோளில் ஏறி என்று. கேட்காமல் இருப்பேனா? முன்தெரு எழும்பிய அளவுக்குப் பின்தெரு தாழ்ந்தது, உப்பளத்து ஓடை தினமும் ஒரு சாண் ஏறி எங்கள் வாசலை நக்கியது, மீன் விற்கும் மெர்சலின் அக்கா வீட்டில் அடுப்பை மேசை மேல் தூக்கி வைத்தார்கள், பிறகு மேசையை இன்னொரு மேசை மேல் வைத்தார்கள். பின்தெருவில் முப்பத்தோரு வீடு. கமிட்டியில் பின்தெருவிலிருந்து ஒருவர்கூடக் கிடையாது. இதையும் எழுதினேன், தீர்த்தத்தில் உப்பின் அளவு பற்றி எழுதினேன், விசாரணை இல்லாமல் தண்டனை கொடுக்க முடியுமா என்று எழுதினேன், மைனி பெயரில் கமிட்டிக்குப் பதில் என்று நான்கு பக்கம் எழுதி, வாசித்தும் காட்டினேன்.

மைனி ஒரு மிக்ஸியைத் திருகிக்கொண்டே முழுதும் கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்க பிள்ள. ஒவ்வொரு வரியும் சுருக்குன்னு இருக்கு."

"அப்ப கையெழுத்துப் போடுங்க மைனி."

"இதுல எங்க முள் இறங்குது?"

"என்னது?"

"இதை வாசிச்சா அவருக்குக் கோவம் வரும், உனக்குச் சந்தோஷம் வரும், மெர்சலின் அக்கா அடுப்புல தண்ணி அப்படியேதான் கிடக்கும். அவருக்கு நான் ஒருநாள் பதில் குடுப்பேன். வேலை செஞ்ச கையால குடுப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவளிடம் எனக்கு வருகிற கோபமெல்லாம் அவள் சொல்வது சரியாக இருக்கும்போது வருவதுதான்.

பௌர்ணமி அன்று காலையில் ஓடை ஏறியது. சாண் கணக்கெல்லாம் போய், இடுப்பளவு தண்ணீர் பின்தெருவுக்குள் வந்தது, பாயும் பாத்திரமும் மிதந்தன, மெர்சலின் அக்காவின் இரண்டாவது மேசையும் மிதந்தது. மீன் விற்று மீன் விற்றுக் குரல் கனத்துப் போன அந்த அக்கா தண்ணீரில் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள், பரண்மேல் இருந்த டூல்ஸ் பெட்டியை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"எந்தி ஜெசிந்தா. கூப்பிட்டாத்தான் வருவேன்னா, இந்தா நான் கூப்பிடுதேன்."

"நோட்டீஸ் இருக்கே அக்கா."

"நோட்டீஸ் மேட்டுல ஒட்டியிருக்கு. எனக்குப் பள்ளத்துலேருந்து வாசிக்கத் தெரியல."

முப்பத்தோரு வீட்டுப் பெண்களும் சொட்டச் சொட்ட அந்தச் சரிவில் ஏறினோம், பின்தெரு தாண்டி, நடுத்தெரு தாண்டி, முன்தெரு தாண்டி, சேலையைப் பிழிந்தபடியே ஏறினோம். மூச்சு வாங்கியது, யாரும் நிற்கவில்லை, முன்தெருக்காரர்கள் மாடிகளிலிருந்து சூரியனை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஜெட்டி கேட்டில் கஸ்பார் மாமா நின்றிருந்தார், வெள்ளை வேட்டி, கையில் பூட்டு.

"கடுதாசி எங்க?"

"வேலை முடிச்சிட்டுத் தாரேன் மாமா," என்றாள் மைனி.

"நீ சொன்னது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா நீங்க கேட்ட மாதிரியே எழுதித் தாரேன். அப்புறம் இந்த ஊர்ல நான் ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டேன். எங்க அப்பா வீட்டுக்குப் போயிருவேன்."

மாமா எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார், மெர்சலின் அக்கா தலையில் பெட்டி கனப்பதையும் பார்த்தார், பூட்டை மடியில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

மைனி ஏணியில் இறங்கிப் படகின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். தொம்மை அண்ணன் சாவியைப் போட்டார். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒயரைத் தொடுகிறவருக்கு முள் தெரியாது, முள்ளைப் பார்க்கிறவருக்கு ஒயர் தெரியாது, பார்த்துச் சொல்ல ஒரு வாய் வேண்டும். "நான் சொல்லுதேன்," என்றார் தொம்மை அண்ணன்.

"வேண்டாம்ணே. நீங்க சொன்னா உங்களையும் என்கூடச் சேத்துருவாங்க. மாமா, நீங்க இறங்கி வாங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

ஊரே பார்க்கிறது. கஸ்பார் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கி மீட்டருக்கு முன்னால் குனிந்தார்.

"இப்ப?" என்றாள் மைனி அடியிலிருந்து.

"மேல நிக்கி."

அவள் பேட்டரியிலிருந்து இழுத்த ஒயரை எர்த் காலில் தொட்டாள். "இப்ப?"

மாமா மீட்டரை விட்டுவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். பார்த்துச் சொல்லத் தேவையும் இல்லை, ஊர் அப்படியே ஒரு முழம் கீழே உட்கார்ந்தது, முன்தெருவில் பாத்திரங்கள் உருண்டன, நாய்கள் குரைத்தன. ஆனால் மைனி விடவில்லை.

"முள் எங்க நிக்கி, சொல்லுங்க மாமா."

"இறங்கிருச்சு."

எடுத்தாள். ஊர் எழும்பியது. "இப்ப?"

"ஏறிருச்சு."

தொட்டாள். "இறங்கிருச்சு." எடுத்தாள். "ஏறிருச்சு."

"ஏட்டி, பாத்துத் தொடு," என்றாள் மெர்சலின் அக்கா ஜெட்டியிலிருந்து. "ஊருக்கு விக்கல் எடுக்கு." பின்தெரு முழுக்கச் சிரித்தது, தொம்மை அண்ணன் சிரித்தார், முன்தெரு மாடிகளில் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டிருந்தவர்களில் சிலரும் சிரித்தார்கள்.

பிறகு மைனி வெட்டினாள். பொருக்குப் பிடித்த முனையை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும்வரை ஒயரைச் சீவி, முனைக்குப் புது லக் வளையம் வைத்து நசுக்கி, திருகி, கிரீஸ் தடவி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தாள். வெளியே வந்தபோது முகத்தில் கரி, தலைமுடியில் உப்பு. "தொம்மண்ணே, என்ஜின் தூக்கியே நிக்கி, பொத்தானை மெதுவா அழுத்தி இறக்குங்க. உள்ள ஆளுக இருக்காங்க." மாமா, யாரும் கேட்காமலே, கோடு கோடாக வாசித்துக்கொண்டு வந்தார், உச்சி, முக்கால், அரை என்று, அவர் வாசிக்க வாசிக்க அந்தோணித்துறை சூல்கொண்ட பசு படுக்கிற மாதிரி முன்னும் பின்னும் பார்த்து மெல்ல மெல்ல இறங்கியது, கடல் அதன் இடத்துக்கு வந்தது, ஓடை பின்தெருவை விட்டுத் திரும்பிப் போனது, வாசலெங்கும் வெள்ளையாய் உப்பையும் நாலைந்து கெளுத்தி மீன்களையும் விட்டுவிட்டுப் போனது. கோயில் கோபுரம் நேரானது. ஆட்கள் நின்ற இடத்திலேயே தள்ளாடினார்கள், சமதரையில் எப்படி நிற்பது என்று மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கூட்டத்தில் யாரோ என் தோளைத் தொட்டு, அது உங்க மைனியா என்று கேட்டார்கள். அவளை எல்லோருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். ஆமாம், என் மைனிதான் என்று, தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னேன்.

முள் நடுக்கோட்டில் நின்றது. கஸ்பார் மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டீஸ் ஒட்டியவர் அவர்தான், விட்டுக்கொடுக்க அவருக்கும் வழி தெரியவில்லை, பழக்கத்தில் கையை நீட்டினார்.

"கடுதாசி?"

மைனி பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள், கிரீஸ் கையைச் சேலையில் துடைத்தாள், டேஷ்போர்டு மேலேயே வைத்து எழுதினாள், கிழித்து மடிக்காமல் கொடுத்தாள். மாமா தன்னிடம் கண்ணாடி இல்லை என்றார். மெர்சலின் அக்கா தன் கண்ணாடியைக் கழற்றிக் கீழே நீட்டினாள். வேறு வழியில்லாமல் அதை மாட்டிக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்க, அவர் வாசித்தார்:

"படகு: விண்ணரசி. குறை: மீட்டரில் இல்லை, சென்சாரில் இல்லை, எர்த் ஒயரின் முனையில். காரணம்: திருவிழா அன்று மேலிருந்து ஊற்றிய ஒரு வாளி, மூன்று கை உப்பு. செய்த வேலை: கெட்டதை வெட்டி, புது லக் போட்டது. முள் பார்த்துச் சொன்னவர்: தலைவர் கஸ்பார். இப்போது முள் சொல்வது உண்மை. இப்படிக்கு, ஜெசிந்தா, மெக்கானிக்."